எல்லாருக்கும் ஒரே பூசை

அந்தக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு பூசைகள் நடந்தன. காலை எட்டு மணிக்கு ஊர்க்காரர்களின் மொழியில் ஒன்று. பதினோரு மணிக்கு, பிழைக்க வந்த இன்னொரு நாட்டுக்காரர்களுக்கு அவர்கள் மொழியில். ஒரு மணிக்கு வேறொரு கூட்டத்தாருக்கு. கடைசியாக நாலு மணிக்குத் தமிழ்ப் பூசை. முந்தின பூசைக்காரர்கள் விட்டுப்போன பெஞ்சுச் சூட்டில்தான் தமிழர்கள் போய் உட்கார்வார்கள். பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் இருந்த அந்த ஐந்து மணி நேரத்தை நம்பித்தான் லாண்டிரியக்கா ஒன்றரை வருஷமாகக் கோவிலுக்குப் போய்வந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டிரியில் பதினேழு வருஷமாக வேலை பார்த்ததால் தமிழ்ச் சனங்களுக்கு அவள் லாண்டிரியக்கா. கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். ஒரே மகன்.

அந்த மகன் ஒன்றரை வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நண்பன் வீட்டு விருந்தில் குடித்துவிட்டு, நண்பனின் காரையே ஓட்டிக்கொண்டு வந்தான். மருந்துக்கடைக்கு எதிரே, நடப்பவர்களுக்காகக் கோடு போட்ட இடத்தில், பச்சை விளக்கை நம்பி இறங்கிய ஒரு பெண்ணை இடித்துத் தள்ளினான். அவனுக்கு இருபத்திரண்டு வயசு, அவளுக்குப் பத்தொன்பது. பதினோரு மணிப் பூசையில் பாடுகிற பெண். பாட்டுப் பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அதே ஆஸ்பத்திரி. அன்றைக்கு லாண்டிரியக்காவுக்கு மதிய ஷிப்டு. அவசரப் பிரிவிலிருந்து கீழே வந்த, இரத்தம் பட்ட துணிகள் அடங்கிய சிவப்பு மூட்டைகளை அவள்தான் பிரித்து மெஷினில் போட்டாள். எட்டரை மணிக்குத்தான் கணவர் போன் செய்தார். எந்த மூட்டையில் யார் துணி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

கோர்ட்டு நான்கு தடவை கூடியது. நான்கு தடவையும் கணவர் மட்டும் போனார். முதல் தடவை அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல். இரண்டாம் தடவை காய்ச்சல் என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. ஆறு வருஷம் தீர்ப்பானது. மகனின் பெயரோடு ஒட்டியிருப்பது அப்பா பெயர்தான், அம்மாவின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. இடித்தவன் நாலு மணிக்காரர்களில் ஒருவன் என்பது பதினோரு மணிக்காரர்களுக்குத் தெரியும். கோர்ட்டில் பார்த்ததால் அப்பாவின் முகம் சிலருக்குத் தெரியும். அதனாலேயே அவர் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கோவில் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். அம்மா யார் என்று மட்டும் அவர்களுக்குத் தெரியாது. தமிழர்களுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அவர்கள் அவளுக்குச் செய்த உதவி.

அப்படியிருக்கும்போதுதான் புதுச் சாமியார் வந்தார். இரண்டு சாமியார்கள் பார்த்துவந்த கோவில் பங்குக்கு இனி இவர் ஒருவர்தான். ஆள் குள்ளம், சிரிப்புப் பெரிசு. அவருடைய தாய்மொழி இந்த நான்கில் எதுவுமில்லை. ஆனாலும் வந்த முதல் மாதமே நான்கு மொழியிலும் ஒன்றிரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்துவிட்டார். தமிழில் அவர் "சமாதானம்" என்று சொன்னால் அது "சாமான் தானம்" என்றுதான் காதில் விழும். பின் பெஞ்சுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

ஆறாவது மாதம் அவர் எல்லாக் கூட்டத்தாரையும் கோவில் ஹாலுக்கு அழைத்தார். "நாலு பூசை இனிமே என்னால முடியாது. அதுமட்டுமில்ல. ஒரே கூரைக்குக் கீழ ஒருத்தரை ஒருத்தர் தெரியாம நாலு குடும்பம் இருக்கோம். அடுத்த மாசத்திலேர்ந்து பத்து மணிக்கு எல்லாருக்கும் ஒரே பூசை" என்றார்.

ஹாலில் ஒரே அமளி. தமிழர்கள் பக்கத்தில் பாட்டு வாத்தியார் எழுந்தார். ஆர்மோனியம் வாசிப்பவர், அந்தக் கூட்டத்தின் அறிவிக்கப்படாத தலைவர்.

"நாலு மொழியில ஒரு பூசையா? கேக்கற ஆண்டவருக்கே தலை சுத்திடும். அவங்க பாட்டுக்குக் கை தட்டி ஆடுவாங்க, நாம கண்ணை மூடிக்கிட்டு நிப்போம். இது கல்யாண வீடா, துக்க வீடான்னு வர்றவனுக்குச் சந்தேகம் வந்துடாது?"

தமிழர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எந்த வாரம் எந்தக் குழு பாடுவது, மன்றாட்டு எந்த மொழியில், ஒலிபெருக்கி யார் கையில் என்று ஒன்றரை மணி நேரம் பேச்சு நீண்டது. லாண்டிரியக்கா கடைசி நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு வரிசைக்கு முன்னால் பூக்காரம்மாவின் முதுகு தெரிந்தது.

பூக்காரம்மா என்பது தமிழர்கள் வைத்த பெயர். பூ விற்பவர் இல்லை. தையல் கடையில் துணி திருத்துகிற வேலை. கணவர் என்றோ போய்விட்டார். சனிக்கிழமைதோறும் பீடத்துக்குப் பூ அலங்காரம் செய்பவர் என்பதால் பூக்காரம்மா. செத்துப்போன பெண் அவருடைய ஒரே மகள்.

அன்று லாண்டிரியக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் சமையலறை மேஜையில் பழுதான மிக்சியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வேற கோவிலுக்குப் போயிடட்டுமாங்க?"

"ரெண்டு பஸ் மாறணும். அங்க தமிழ் கிடையாது."

"இங்க மட்டும் இனிமே எங்க இருக்கு?"

அவர் திருகாணியைத் தேடுவதுபோல் கொஞ்ச நேரம் மேஜையைத் தடவினார். "திடீர்னு போகாம நின்னா நம்ம சனமே ஏன்னு கேக்கும். தூணுக்குப் பின்னாடி உக்காந்துக்கோ. நாலு மொழியில பாடி முடிக்கறதுக்குள்ள யாரு யாரைப் பாக்கப் போறாங்க."

அவள் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள். முதல் பொதுப் பூசைக்குக் கோவில் கொள்ளாத கூட்டம். ஒரு வாசகம் ஒரு மொழியில், அடுத்தது வேறு மொழியில். தெரியாத மொழி வரும்போது சனங்கள் கூரையைப் பார்த்தார்கள், தங்கள் மொழி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சமாதானம் பகிரும் நேரம் வந்தது. நாலு மணிப் பூசையில் தமிழர்கள் நின்ற இடத்திலேயே கைகூப்பி, பக்கத்தில் இருப்பவருக்குத் தலையசைத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். பதினோரு மணிக்காரர்கள் அப்படியில்லை. பெஞ்சை விட்டு வெளியே வந்து, கோவில் முழுக்க நடந்து, கண்ணில் பட்டவர் கையை எல்லாம் பிடித்தார்கள்.

தலை குனிந்து நின்றவளின் முன்னால் இரண்டு கைகள் நீண்டன. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். நிமிர்ந்தாள். பூக்காரம்மா. மூலையில் தனியாக நிற்கிறவர்களைத் தேடித் தேடிக் கை கொடுப்பது அவருக்கு வழக்கம் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, தன் மொழியில் சமாதானம் சொல்லி, சிரித்தார். நல்ல சிரிப்பு. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நற்கருணை அப்பம் வாங்கவும் போகவில்லை. பூசை முடிந்ததும் பாட்டு வாத்தியார் அவள் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "ஒண்ணும் ஆகலல்ல? அப்படியே இருந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியே இருக்கத்தான் நினைத்தாள். சாமியார் விடவில்லை. கோவில் வேலைகள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராகச் சோடி சேர்த்து ஒரு பட்டியல் போட்டுவிட்டார். பீடத்துத் துணிகளை லாண்டிரியக்காதான் கொஞ்ச நாளாகத் துவைத்து வந்தாள். மகன் உள்ளே போன மாதம் அவளே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. திராட்சை இரசக் கறையும் மெழுகுக் கறையும் எடுப்பது அவளுக்குக் கைவந்த விஷயம். அதுவரை சனிக்கிழமை சாயங்காலம் யாரும் இல்லாத நேரத்தில் பையைக் கதவில் மாட்டிவிட்டு வந்துவிடுவாள். இப்போது சாமியார் டீ கோப்பையோடு வந்து, இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி, "துணிக்கு இவங்க, பூவுக்கு இவங்க. சனிக்கிழமை காலையில ஒன்பது மணி. பீடம் இனிமே உங்க ரெண்டு பேர் பொறுப்பு" என்றார்.

முடியாது என்று சொல்ல ஒரு நொடிதான் இருந்தது. வாய் வரவில்லை. பிறகு பல நாள் அந்த நொடியை யோசித்துப் பார்த்திருக்கிறாள். பயத்தால் மட்டும் வாய் அடைத்ததாகச் சொல்ல அவளுக்கே மனம் ஒப்பவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு குடம் தண்ணீராவது தூக்கிக் கொடுக்கலாமே என்ற ஆசையும் இருந்தது.

சனிக்கிழமைகள் தொடங்கின. இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஊர் மொழிதான். அதையும் இருவரும் ஓட்டை உடைசலாகத்தான் பேசினார்கள். வேலைக்கு வேண்டிய சொற்கள் இருவரிடமும் இருந்தன. மனசுக்கு வேண்டியவை குறைவு. பூக்காரம்மா மூத்தவர் என்ற உரிமையோடு பேசுவார்.

"காம்பு சாய்ச்சு வெட்டு. நேரா வெட்டாதே. தண்ணி குடிக்காது."

"சரிங்க."

"நீ நல்லா சாப்பிடறதில்ல. கை பாரு, குச்சி."

ரொட்டியைப் பாதி பிய்த்துக் கொடுப்பார். லாண்டிரியக்கா வாங்கிச் சாப்பிடுவாள். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்க மாட்டாள். விரிப்பை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்துப் பீடத்தின் மேல் விரிப்பார்கள். "என்ன வெள்ளை!" என்று பூக்காரம்மா துணியில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார்.

மூன்றாவது சனிக்கிழமை மகளைப் பற்றிச் சொன்னார். போனில் படம் காட்டினார். ஒரு பாட்டைப் போட்டுக் காதருகே வைத்தார். மகளின் குரல். நடுவில் தப்பாகப் பாடிவிட்டுச் சிரிக்கிற சத்தமும் பதிவாகியிருந்தது. அந்தச் சிரிப்பு வரும்போது பூக்காரம்மாவும் கூடவே சிரித்தார். பிறகு கேட்டார்.

"உனக்குப் பிள்ளைங்க?"

"ஒரு பையன்."

"எங்க?"

"தூரத்துல."

"வருவானா?"

"வர்றதில்ல."

"போன்?"

"எப்பவாவது."

பூக்காரம்மா அவள் தோளைத் தட்டினார். மாதா சுரூபத்தின் முன் ஒரு மெழுகுவர்த்தி மகளுக்காக ஏற்றுவது அவர் வழக்கம். அன்று இரண்டு ஏற்றினார். "இது உன் பையனுக்கு. சீக்கிரம் வீட்டுக்கு வரட்டும்" என்றார். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமை விடாமல் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்க்கிழமைகளில், மகனைப் பார்க்கச் சிறைக்குப் போவாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அவன் எதிரே வந்து உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருப்பான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். ஒரு செவ்வாய்க்கிழமை இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தான்.

"என்னடா இது?"

"கதவுல பட்டுடுச்சு."

கட்டின் நீளத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் பதினேழு வருஷம் இருப்பவளுக்குக் கதவு எது, கத்தி எது என்று தெரியாதா? என்ன சொல்கிறோம் என்று யோசிக்காமல் சொன்னாள்.

"அந்தப் பொண்ணோட அம்மா உனக்காக வேண்டிக்கறாங்கடா."

அவன் தலை நிமிர்ந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் கண்ணை அவள் நேராகப் பார்த்தாள்.

"யார் சொன்னா?"

"நானே பாத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மெழுகுவர்த்தி ஏத்தறாங்க. என் பக்கத்துலதான் நின்னு ஏத்தறாங்க."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதான். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்று பஸ்ஸில் வரும்போது அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வீடு வந்து சேர்வதற்குள் அது எவ்வளவு பெரிய பொய் என்று தெரிந்துவிட்டது.

அடுத்த முறை போனபோது மகன் முகம் கழுவி, தலை சீவி வந்திருந்தான். சாப்பிடுகிறேன் என்றான். அதற்கடுத்த முறை, காவலரிடம் காட்டி அனுமதி வாங்கிய ஒரு கடித உறையைக் கொடுத்தான். அந்த ஊர் மொழியில் நாலு பக்கம் எழுதியிருந்தான்.

"அவங்ககிட்ட குடுத்துடும்மா. பதில் வேணாம். படிச்சாப் போதும். இப்பதாம்மா எனக்கு நாளைக்குன்னு ஒண்ணு இருக்கற மாதிரி இருக்கு."

கடிதம் மூன்று வாரம் அவள் கைப்பையில் கிடந்தது. நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை, செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். சாமியாரிடம் ஊர் மொழியில் திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் முழுவதையும் கேட்டார்.

"நான்தான் உங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சேன்" என்றார் கடைசியில்.

"ஆமா சாமி."

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வாய் வரல சாமி."

"சொல்லித்தான் ஆகணும். ஆனா தனியா சொல்லாதீங்க. அடுத்த வாரம் மூணு பேரும் உக்காருவோம். அவங்க மொழி நல்லாத் தெரிஞ்ச ஒருத்தரையும் வச்சுக்குவோம். உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச பேச்சு இதுக்குப் போதாது. அதுவரைக்கும் பொறுத்துக்குங்க."

நல்ல யோசனைதான். ஒரு வாரம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. ஆனால் மறுநாளே சனிக்கிழமை.

அன்றைக்குப் பூக்காரம்மா வழக்கத்தைவிடப் பூ நிறைய கொண்டுவந்திருந்தார். வெள்ளையும் மஞ்சளும். புதன்கிழமை மகளின் பிறந்தநாளாம். இருந்தால் இருபத்தொன்று. இரண்டு மெழுகுவர்த்திகளையும் ஏற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, கேட்காமல் பேசத் தொடங்கினார்.

"கோர்ட்ல அவன் அப்பா வந்தாரு. தலை குனிஞ்சு நின்னாரு. எனக்கு அவர் மேல கோபம் இல்ல. அவன்... அவனுக்குக் குடி, வயசு. கோபம் உண்டு, ஆனா புரியுது. அவன் அம்மா வரல. நாலு தடவ. நான் கதவையே பாத்தேன். ஒரு வார்த்தை இல்ல, ஒரு காகிதம் இல்ல. அவளும் ஒரு அம்மாதானே? அவ எப்படிச் சாப்பிடறா? எப்படித் தூங்கறா? அவளைப் பாத்தா அது ஒண்ணுதான் கேப்பேன். ஏன் வரல?"

லாண்டிரியக்காவின் கையில் மடித்த துணி இருந்தது. அதைப் பீடத்தின் மேல் வைத்தாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"என் பையன்." அதற்கு மேல் அந்த மொழியில் அவளிடம் இருந்த சொற்களைத் துழாவினாள். "என் பையன். கார். உங்க பொண்ணு மாதிரி... உங்க பொண்ணு... அந்தக் கார்."

பூக்காரம்மாவின் முகம் மாறியது. வாயில் கை வைத்தார். பிறகு கையில் இருந்த பூவைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார்.

"உன் பையனும் கார்லயா? ஐயோ, உன் பையனும் செத்துட்டானா? தூரம்னு சொன்னியே. நான் மடச்சி, வீட்டுக்கு வரட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நீயும் வாயை மூடிக்கிட்டே இருந்தியே, பாவி மகளே!"

அழுதார். அவளுடைய தலையைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொண்டு, தன் மொழியில் என்னென்னவோ சொல்லி அழுதார். மகன் காரை இடித்த நாளிலிருந்து லாண்டிரியக்காவை யாரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. கணவர்கூட இல்லை. அப்படியே விட்டுவிடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. பிற்பாடு அவள் தன்னை மன்னிக்க முடியாமல் போனது இந்த இடத்தில்தான். எவ்வளவு நேரம் அந்தத் தோளில் சாய்ந்திருந்தாளோ அவளுக்கே தெரியாது.

பிறகு அந்தத் தோளில் இருந்தபடியே சொன்னாள். "சாகல. என் பையன் உயிரோட இருக்கான். ஜெயில்ல இருக்கான். அவன்தான் ஓட்டினான். அந்தக் காரை ஓட்டினது என் பையன். வராத அம்மா நான்தான்."

முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் விலகியது.

பூக்காரம்மா இரண்டடி பின்னால் போய் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், முதல் தடவை பார்ப்பதுபோல. கத்துவார், அடிப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் திரும்பி மாதா சுரூபத்தைப் பார்த்தார். இரண்டு திரியும் எரிந்துகொண்டிருந்தன.

"எத்தனை சனிக்கிழமை?" என்றார்.

லாண்டிரியக்கா பீடத்தின் மேல் வைத்த துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கையால ஏத்தினேன். என் பொண்ணுக்குப் பக்கத்துல வச்சு ஏத்தினேன். நீ பாத்துக்கிட்டு நின்னே."

"அம்மா..."

"அப்படிக் கூப்பிடாதே."

கடிதத்தை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள். அதற்குள் பூக்காரம்மா கத்தரிக்கோலையும் ஈரத் துண்டையும் தன் பையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவால் வெளியே போய்விட்டார். பாதி பூக்கள் வாளியிலேயே இருந்தன. லாண்டிரியக்கா அவற்றைக் காம்பு சாய்த்து வெட்டி வைத்து முடித்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் பூக்காரம்மா பூசைக்கு வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மூன்றாவது வாரத்துக்குள் பதினோரு மணிக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் அவளைத் திட்டவில்லை. சமாதானம் சொல்லும் நேரத்தில் கோவில் முழுக்க நடந்து வந்தவர்கள், இப்போது தங்கள் பெஞ்சை விட்டு அசையாமல் நின்றார்கள். ஒரு மாதத்தில் அவர்களில் பாதிப் பேர் வருவதில்லை. மீதிப் பேர் கையெழுத்துப் போட்டு, தங்களுக்குத் தனிப் பூசை வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். ஒரு பள்ளிக்கூட ஹாலில், வெளியிலிருந்து ஒரு சாமியாரை வரவழைத்து அவர்களுக்குத் தனிப் பூசை ஏற்பாடானது. அவர்களுக்கு உண்டென்றால் எங்களுக்கும் உண்டு என்று மற்றவர்களும் கிளம்பினார்கள். நாலு மணித் தமிழ்ப் பூசை திரும்ப வந்தது, மாதம் இரண்டு முறை.

தமிழ்ச் சனங்களுக்கு உள்ளூர சந்தோஷம்தான். ஆனால் அவளிடம் பேச்சு குறைந்தது. பாட்டு வாத்தியார் மட்டும் வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"ஏம்மா, நாங்க ஒன்றரை வருஷமா வாயைத் தைச்சுக்கிட்டு இருந்தது எதுக்கு? நீங்களே போய் வலிய ஒடைக்கணுமா? இப்ப யாருக்கு என்ன நல்லது ஆச்சு?"

யாருக்கும் ஒரு நல்லதும் ஆகவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. சாமியார் அவளைக் கூப்பிட்டு, பீடத்துத் துணிகளைக் கொஞ்ச நாளைக்கு வேறு ஒருவர் பார்க்கட்டும் என்றார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதரிடம் பழைய சிரிப்பு அதற்குப் பிறகு யாருக்கும் காணக் கிடைக்கவில்லை.

பூக்காரம்மா பள்ளிக்கூட ஹால் பூசைக்கும் போவதில்லை என்று கேள்விப்பட்டபோது அவளால் இருக்க முடியவில்லை. விலாசம் விசாரித்துக்கொண்டு போனாள். தையல் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் ஒரு சுற்று மெலிந்திருந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் தையல் மெஷினும், அதன் மேல் மடிக்காத துணிகளும் தெரிந்தன.

"கோர்ட்டுக்கு வராதது என் தப்பு. பயம். உங்க முகத்தைப் பாக்கற பயம். வேற காரணம் இல்ல" என்றாள். வழியெல்லாம் அந்த மொழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியங்கள். "நீங்க கோவிலுக்கு வாங்க. நான் வரமாட்டேன். இனிமே எந்தப் பூசைக்கும் வரமாட்டேன்."

பூக்காரம்மா அவளைப் பார்க்காமல், கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துப் பேசினார். கோபமில்லாத குரல்.

"பொண்ணு போனதுக்கப்புறம் எனக்குன்னு இருந்தது அந்தச் சனிக்கிழமை. பூ, நீ, அந்த மெழுகுவர்த்தி. அங்க நின்னா என் பொண்ணு பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும். இப்ப அங்க போய் நின்னா உன் பையன் நிக்கறான். உன் பையன் ஒண்ணை எடுத்துக்கிட்டான். நீ ஒண்ணை எடுத்துக்கிட்டே. நீ வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்."

கடித உறையை நீட்டினாள். பூக்காரம்மா அது யார் எழுதியது என்று கேட்கவில்லை. தொடவும் இல்லை. மெதுவாகக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்குப் பிறகும் லாண்டிரியக்கா அந்தப் படியிலேயே நின்றிருந்தாள். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் வரவே இல்லை.

நடுவில் போன செவ்வாய்க்கிழமைகளில் எல்லாம் கடிதம் கொடுக்க இன்னும் சமயம் வரவில்லை என்று மகனிடம் சொல்லி நாளைக் கடத்தியிருந்தாள். இந்தச் செவ்வாய்க்கிழமை அவன் ஓடி வராத குறையாக வந்து உட்கார்ந்தான்.

"குடுத்தியாம்மா?"

வரும் வழியில் ஒரு பொய் தயார் செய்துதான் வைத்திருந்தாள். கொடுத்துவிட்டேன், படித்தார்கள், அழுதார்கள். அவனுடைய சீவிய தலையைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் திறந்தாள். அடுத்த முறை என்ன கேட்பான், அதற்கடுத்த முறை என்ன சொல்வது என்று நினைத்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. கைப்பையிலிருந்து உறையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

"அவங்க யாருக்கு ஏத்தறோம்னு தெரியாமத்தான் ஏத்தினாங்கப்பா. என் பையன் தூரத்துல இருக்கான்னு சொல்லி வச்சிருந்தேன். இப்ப தெரிஞ்சுபோச்சு. இனிமே ஏத்தமாட்டாங்க."

அவன் உறையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ ஏம்மா எங்கிட்ட அதைச் சொன்னே?"

"உன் கையில அந்தக் கட்டைப் பாத்தேன். பயந்துட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். உறையை எடுத்து இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இன்னும் நாற்பது நிமிஷம் பாக்கி இருக்கும்போதே எழுந்து, காவலரைப் பார்த்துக் கை தூக்கினான். அவர் கதவைத் திறந்தார். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

அவள் காவலரிடம் ஓடிப்போய், அவன் மணிக்கட்டில் கட்டு இருந்த இடத்தைத் தன் கையில் தொட்டுக் காட்டி, அவனைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பார்த்துக்கொள்கிறோம் என்று அவர் சொன்னார். எழுதியும் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவன் அவளைப் பார்க்க வெளியே வருவதில்லை. அப்பா போனால் வருகிறான், அவரிடமும் மழை, வேலை, சாப்பாடு என்று இரண்டு வார்த்தைதான். நாலு மணிப் பூசை இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் லாண்டிரியக்கா வீட்டிலேயே இருக்கிறாள். டிப்போவிலிருந்து வருகிற கணவர் ஒன்றும் கேட்பதில்லை. அவள் தட்டைப் போடுவாள், அவர் சாப்பிடுவார். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் காலை பஸ்ஸில் கிளம்பிப் போய், சிறையின் காத்திருப்பு அறையில் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்கிறாள். உள்ளே போய்க் கேட்டு வரும் காவலர் இப்போதெல்லாம் பேசுவதுகூட இல்லை, தூரத்திலிருந்தே தலையை அசைத்துவிடுகிறார். பார்வை நேரம் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் அவள் திரும்பி வருகிறாள்.